துடைப்பம் வைக்கும் வளைவு

பிரிக்பீல்ட்ஸ்
26 செப்டம்பர் 2025

கென்னத்,

தாத்தா செத்த இடத்தில் அவரைக் கூலி என்று எழுதிப் பலகை வைத்தார்கள். நீ கைதட்டினாய்.

தெரியாமல் தட்டினேன் என்று சொல்லாதே. உங்கள் பழங்கார்ச் சங்கமே வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறது. உன் முதலாளி டத்தோ சிவப்புத் துணியை இழுக்கிறார். பலகையில் ஆங்கிலத்தில் பெரிதாக ‘கூலிஸ் கார்னர்’. அதன் கீழே பந்தயம் நடந்த வருடங்கள், ஜெயித்த வெள்ளைக்காரர்களின் பெயர்கள், நடுவில் ஒரு சீனர் பெயர். நீ இரண்டாவது வரிசையில் சங்கத்து டீ-சட்டையோடு நிற்கிறாய். முதலில் தட்டியது நீ இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் நிறுத்திய பிறகும் உன் கை தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் மலேசியா தினத்தன்று.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். புது வீட்டு முகவரியும் தரவில்லை. அதனால் ஷா ஆலம் பட்டறை முகவரிக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உன் முதலாளி பிரித்தாலும் படிக்க முடியாது. உன் மானத்துக்காக நான் செய்யும் கடைசி உதவி இது.

என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நம் வீட்டில் யாரும் இதை எழுதியதில்லை. புக்கிட் மெரந்தி சாலையை ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிவிட்டுத் துரைமார்கள் ஒவ்வொரு காராக மேலே ஓட்டுவார்கள், யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறார் என்று. கார் வளைவில் திரும்பினால் சக்கரம் செம்மண்ணையும் சரளையையும் சாலையில் இழுத்துப் போடும். அடுத்த கார் வருவதற்குள் அதைக் கூட்டித் தள்ள வேண்டும். அதற்குத் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்தார்கள். தாத்தா சவரிமுத்து குனிந்து கூட்டிக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ கொடியைத் தப்பாக அசைத்து, அடுத்த கார் வந்துவிட்டது. அம்மா அப்போது பாட்டி வயிற்றில். மறு மாதமே பந்தயம் மறுபடி நடந்தது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். வழக்கம்போல அம்மா கிள்ளானிலிருந்து உன் காரில் ஏறி, அந்த வளைவில் தோட்டத்து ஆட்கள் நட்ட சிலுவைக்கு மெழுகுவர்த்தி கொளுத்தப் போவாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். அதற்குள் பலகையைக் கழற்ற வை.

ஷார்மைன்


ஷா ஆலம்
3 அக்டோபர் 2025

அக்கா,

பட்டறைக்கு இனி எழுதாதே. கவரைக் கொண்டுவந்து கொடுத்த ஆபீஸ் பெண் குமுதா, “உங்க அக்கா எழுத்து அழகா இருக்கு பாஸ், விசேஷமா?” என்று கேட்டாள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வீட்டு முகவரி கவருக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, டத்தோவும் வைக்கவில்லை. அந்தக் காலத்துப் பந்தயப் புத்தகத்திலேயே அச்சில் இருக்கிறது. எல்லா வளைவுக்கும் பட்டப்பெயர் உண்டு. சங்கத்துக்காரர்கள் வரலாறு என்கிறார்கள். பலகைக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது. பட்டறையில் வேலை பார்க்கிறவன் போய்க் கழற்றச் சொன்னால் கழற்றுவார்களா?

நீ கைதட்டலைப் பற்றிப் பேசுகிறாய். உன் கல்யாண விருந்தை நானும் மறக்கவில்லை. “மணமகளோட தாத்தா அந்தக் காலத்து ரேஸ் டிரைவர், ஓட்டும்போதே உயிர விட்டவரு” என்று விருந்து அறிவிப்பாளன் மைக்கில் சொன்னான். மண்டபமே கைதட்டியது. உன் மாமனார் எழுந்து நின்று தட்டினார். நீ தலையைக் குனிந்து சிரித்தாய். அந்த ஆளிடம் அப்படிச் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மா ஆரம்பித்த பொய். நீ அதற்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டாய். நான் கொடுத்த கைதட்டலும் நீ வாங்கிய கைதட்டலும் ஒரே ஆளைத்தான் மறுபடி சாகடித்தன.

இன்னொன்று. வருஷா வருஷம் அந்த வளைவில் துடைப்பங்களைப் பொறுக்கி எறிந்தவன் நான். நீ கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பாய். சிலுவையில் சாய்த்து வைத்திருப்பார்கள், நாலைந்து ஈர்க்குத் துடைப்பம், கைப்பிடியில் மஞ்சள் துணி வேறு. “தூக்கி எறிடா, யாரும் பாக்கறதுக்குள்ள” என்று அம்மா ரோட்டில் நின்று அவசரப்படுத்துவாள். கிண்டல் பாதி, செய்வினை பாதி என்பாள். சின்ன வயதில் தோட்டத்து லயக் குடியிருப்புப் பிள்ளைகள் அவளை ‘வெளக்கமாத்துக்காரன் மவ’ என்று கூப்பிட்டார்களாம். ஒரு தமிழனிடம் விளக்கமாற்றைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது. எவனோ ஒருவன் மட்டும் இன்னும் மலையேறி வந்து நம் முகத்தில் துடைப்பத்தைக் காட்டிவிட்டுப் போகிறான். அப்படிப்பட்ட இடத்தில் நின்று, டத்தோ காதுபட, இவர் என் தாத்தா என்று நான் சொல்ல வேண்டுமா?

கல்யாணத்துக்குப் பிறகு நீ ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு எழுது.

கென்னத்


பிரிக்பீல்ட்ஸ்
15 அக்டோபர் 2025

கென்னத்,

போனேன். கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டு நேற்று மைவி காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஜெயராஜிடம் காஜாங்கில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் என் புருஷனிடம் நான் எங்கே போகிறேன் என்று சொல்ல முடியவில்லை. கல்யாண விருந்தைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் உண்மை.

உங்கள் சங்கம் சாலையின் குறுக்கே வெள்ளைக்கோடு போட்டிருக்கிறது, ‘ஸ்டார்ட்’ என்று. லோரிச் சக்கரம் பட்டு ஏற்கெனவே பாதி அழிந்துவிட்டது. அதன் ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், இன்னொரு பக்கம் டுரியான் கடை. அந்தக் கோட்டிலிருந்து ஏறினேன். ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பள்ளம். எதிரே மணல் லோரி பிரேக்கை மிதித்து மிதித்து இறங்குகிறது, பின்னால் மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடிக்கிறான். இரண்டாவது கியருக்கு மேலே நான் போடவே இல்லை. இந்தச் சாலையில் வேகமாகப் போவது தைரியம்தான், அதை மறுக்க மாட்டேன்.

வளைவில் இறங்கி நின்றேன். பந்தயம் என்றால் இதுவரை ஓட்டுகிறவன் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். நாம்தான் தாத்தாவை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டோமே. வளைவில் நிற்கிறவனுக்குக் கார் தெரியாது, சத்தம்தான் வரும். சத்தம் கேட்டு நிமிர்ந்தால் கார் அங்கேயே இருக்கிறது. ஒரு சாதாரண புரோட்டோன் கார் அப்படி வந்தபோது நான் இரண்டடி பின்னால் குதித்தேன்.

பலகை பளபளவென்று இருந்தது. சிலுவைக்குக் கீழே புதிய துடைப்பம் ஒன்று, மஞ்சள் துணியோடு. நீ எறிவாயே, அதே மாதிரி எறியத்தான் குனிந்தேன். அப்போது ஒரு மணல் லோரி ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கினார், ஐம்பது வயது இருக்கும், ஜப்பான் சிலிப்பர், தொப்பைக்கு மேலே ஏறிய பனியன். கையில் இன்னொரு துடைப்பம்.

“என்னா அக்கா, காடி ரொசாக்கா? நின்னுபோச்சா?”

“இல்லண்ணே, சும்மா பாக்க வந்தேன்.”

“பலகையவா? பழைய காடி ஓட்டுற பணக்காரனுங்க வச்சது. அதுக்கு லைட்டு வேற போடப் போறானுங்களாம். ரோட்டுல உள்ள குழிய மூட ஆளில்ல.”

“வெளக்கமாறு எதுக்கு அண்ணே?”

“பிரேக்குக்கு.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “புது பிரேக் போட்டா இங்க ஒண்ணு வைக்கணும். எங்க லோரிக்காரனுங்க எல்லாரும் வைப்போம். அந்தக் காலத்துல ஒருத்தரு இந்த வளைவுல கூட்டிக்கிட்டே செத்தாரு. இன்னும் கூட்டுறாரு. இங்க மட்டும் மணலு சிந்துனா மறுநாள் இருக்காது.”

“மழ அடிச்சிட்டுப் போயிருக்கும்.”

“மழயும் அவரு சொல்றபடிதான் லா.” துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு திரும்பினார். “எங்களுக்கு ஒரே ஒரு கோவம்தான். வருஷா வருஷம் எவனோ வந்து எல்லாத்தையும் தூக்கிப் பள்ளத்துல வீசிட்டுப் போறான். இந்தத் தம்புசாமி கையில ஒரு நாளு மாட்டட்டும் அவன். வெளக்கமாத்தாலயே பூச வைக்கிறேன்.”

சிரிக்காதே. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

“அவரு பேரு என்னண்ணே?”

“யாருக்குத் தெரியும்? கூட்டுற சாமின்னுதான் சொல்லுவோம். சிலுவ இருக்கே, வேதக்காரரா இருக்கும். நமக்கென்ன, பிரேக்கு புடிச்சா சரி. நீங்க எந்தப் பக்கம்? இங்க யாராச்சும் சொந்தமா?”

பெயர் என் வாய்க்குள் இருந்தது. அந்த ஆள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டிருக்கிறார். அவர் கும்பிட்ட சாமியின் பேத்தி நான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கலாம். கேட்டவுடன் என் கண்ணில் பட்டது அவருடைய பனியனும் செருப்பும்தான். இப்படிப்பட்டவர்கள் கும்பிடுகிற தாத்தாவா என்று யோசித்தேன். டத்தோ கும்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

“இல்லண்ணே, சும்மா” என்றேன்.

எனவே இனி உன் கையைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை. ஆனால் இதை மட்டும் யோசி. அந்த மலையில் யாரும் நம்மைக் கிண்டல் செய்யவில்லை. சாமிக்கு வைத்ததை நாம் பொறுக்கிப் பள்ளத்தில் போட்டோம். போட்டுவிட்டு அதே இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தினோம்.

ஷார்மைன்


ஷா ஆலம்
24 அக்டோபர் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலை ஓடவில்லை. ஒரு காருக்கு எண்ணெய் மாற்றிவிட்டு மூடி போடாமல் ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். துணியை இழுப்பதற்கு முன் டத்தோ என் பக்கம் திரும்பி, “கென், இங்கே நிறைய உங்கள் ஆட்கள்தானே இருந்தார்கள், உன் குடும்பமும் இந்தத் தோட்டமா?” என்று கேட்டார். நான், “இல்லை பாஸ், நாங்கள் கிள்ளான், தாத்தா ரயில்வேயில்” என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. ரேஸ் டிரைவர் என்று சங்கத்தில் சொன்னால் மாட்டிக்கொள்வேன், அவர்களிடம் ஓட்டியவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. அதனால் ரயில்வே. இப்போது தாத்தாவுக்கு இரண்டு பொய் வேலை. அதற்குப் பிறகுதான் கைதட்டினேன். நீ சொன்ன மாதிரி, நிறுத்தத் தெரியவில்லை.

தீபாவளிக்கு டத்தோ பட்டறை ஆட்களுக்கு விருந்து கொடுத்தார். அங்கே அவரைத் தனியாகக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னேன். தாத்தா பெயரைப் பலகையில் போட முடியுமா என்று கேட்கத்தான் போனேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார் அக்கா. கண் கலங்கினார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “ஏன் லா முன்னாடியே சொல்லல” என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார். நவம்பர் இரண்டு அன்று சங்கத்தின் பழங்கார்கள் மலையேறுகின்றன. அன்றைக்கு அந்த வளைவில் அந்தக் காலத்துக் கூலி மாதிரி ஒருவர் நிற்க வேண்டும். காக்கி அரைக்கால் சட்டை, தலைப்பாகை, துடைப்பம். ஒவ்வொரு கார் போன பிறகும் கூட்ட வேண்டும். படம் எடுக்க ஆள் வருகிறார். “பேரனே நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்” என்றார்.

என் வாயில் வந்தது, “ஓகே பாஸ்.”

சட்டை தைத்து வந்துவிட்டது. என் லாக்கரில் இருக்கிறது. லாக்கரைத் திறக்காமல் இரண்டு நாளாக ஒரே சட்டையில் வேலை செய்கிறேன். அம்மாவிடம் எனக்கு அன்று வெளியூர் வேலை என்று சொல்லு. அவள் வேறு ஒரு நாள் போகட்டும். இதை மட்டும் எனக்காகச் செய்.

கென்னி


கிள்ளான்
28 அக்டோபர் 2025

கென்னி,

செய்யவில்லை. அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நம் கடிதங்களை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். உன்னுடையதில் எதையும் விடவில்லை, என்னுடையதிலும் விடவில்லை.

பலகையைப் பற்றிக் கேட்டு அவள் அசையவே இல்லை. “அவனுங்க அப்படித்தான எழுதுவானுங்க” என்றாள். ரயில்வே வந்தபோது கையால் முகத்தைத் துடைத்தாள். லோரிக்காரர் வந்த இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

“கும்பிட்டுத்தான் வச்சாங்களா?”

“ஆமாம்மா.”

“செருப்பக் கழட்டிட்டா?”

“ஆமா.”

பிறகு, “கென்னிய நாந்தான எறியச் சொன்னேன்” என்றாள். மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு ஈர்க்குத் துடைப்பம் வாங்கி வந்தாள். பழைய தாவணி ஒன்றைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டினாள். மஞ்சள் இல்லை, நீலம்தான் இருந்தது. மாதா கலர், போதும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளைக் கூட்டி வருகிறேன். ஜெயராஜும் வருகிறார். அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் அவருடைய அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் கேட்டார். அதையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ அந்தச் சட்டையைப் போடாதே. சங்கத்துச் சட்டையும் வேண்டாம். அம்மா பக்கத்தில் நின்று, அவர்கள் எல்லார் முன்னாலும் அவருடைய பெயரை ஒரு தடவை சொல். வேறெதுவும் கேட்கவில்லை. சொல்வாயா என்று சனிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
9 நவம்பர் 2025

கென்னத்,

நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. வேறொருவருக்குப் போட்டுவிட்டாய்.

அவர் உங்கள் பட்டறையில் கார் கழுவுகிற வங்காளதேசத்துக்காரர் என்று உங்கள் போட்டோகிராபரே சொன்னான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். உன் அளவுக்குத் தைத்த அரைக்கால் சட்டை, அவருக்கு இடுப்பில் நிற்கவில்லை, நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். அம்மா முதலில் பார்த்தது அந்தக் கயிற்றைத்தான். நீ எதிர்ப்பக்கம் வாக்கி-டாக்கியோடு நின்றாய். அம்மா காரிலிருந்து இறங்கியதும் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் முதுகை அடையாளம் தெரியாதா எங்களுக்கு?

சாலையில் ஒரு பொடி மண் இல்லை. சுத்தமான தாரை அவர் கூட்டினார். ஒவ்வொரு கார் போனதும் போட்டோகிராபர் அவரை நடுரோட்டுக்குப் போகச் சொன்னான், குனியச் சொன்னான், தலையைத் தூக்கச் சொன்னான். அம்மா சிலுவையருகே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே அடுத்த காரின் சத்தம் வந்தது. அவர் இன்னும் நடுவில், கேமராவைப் பார்த்தபடி.

அம்மாவின் முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும். அந்த முழங்காலோடு ஓடினாள். “ரோட்ட விட்டு வாப்பா” என்று தமிழில் கத்தி, அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். துடைப்பம் விழுந்தது. கார் அதன்மேல் ஏறிப் போனது. டத்தோதான் ஓட்டினார். ஹாரன் அடித்துக் கையசைத்தார். வந்திருந்தவர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நீ தட்டவில்லை. பார்த்தேன். ஆனால் வரவும் இல்லை.

அம்மா அவரைச் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் போன காரைப் பார்க்கவில்லை, உடைந்த துடைப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ் திட்டுவார் என்று மலாயில் சொன்னார். அம்மா தாத்தாவுக்கு வாங்கிவந்த துடைப்பத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டாள், நீலத் துணியோடு. ஓரமாக நின்றே கூட்டு என்று கையால் காட்டினாள். பிறகு பெயர் கேட்டாள். அவர் சொன்னார். சரியாக அந்த நேரத்தில் இன்னொரு கார் வந்தது. அம்மாவுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. மறுபடி கேட்பதற்குள் போட்டோகிராபர் கூப்பிட்டுவிட்டான்.

தாத்தா பெயரை நீ சொல்லாததைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அன்று சொல்லவில்லை, ஜெயராஜிடம்தான் சொன்னேன், அதுவும் மெதுவாக. அதை நாங்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம். ஆனால் போன் செய்யும்போதெல்லாம் அம்மா அந்த மனிதரின் பெயரைத்தான் கேட்கிறாள். பூசையில் சொல்ல வேண்டுமாம். செத்தவர்களுக்குத்தானே அம்மா என்றால், உயிரோட இருக்கறவனுக்கும் சொல்லலாம் என்கிறாள்.

உன் பட்டறையில்தான் இருக்கிறார். உன் மேசையிலிருந்து எழுந்து கார் கழுவுகிற இடத்துக்குப் போ. கேட்டு எழுது.

ஷார்மைன்


பிரிக்பீல்ட்ஸ்
23 நவம்பர் 2025

கென்னத்,

அவர் பெயர்?


பிரிக்பீல்ட்ஸ்
14 டிசம்பர் 2025

கென்னி,

கிறிஸ்துமசுக்கு நீ வருகிறாயா என்று அம்மா கேட்கவில்லை. அவர் பெயர் என்ன என்று கேட்டாள். எழுது.